ஏஐ-யும் கல்வியும், அரசும் நிறுவனங்களும்: பிஎச்டி தலைப்பை எந்தப் பக்கம் பிடிப்பது?

பகுதிநேர_பிஎச்டி கேட்டது:

வணக்கம். மேலாண்மைத் துறையில் பகுதிநேர பிஎச்டி, மூன்றாவது வருடம். பகலில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு பேப்பர் படிக்கிற ஜாதி. 'கல்லூரி மாணவர்களிடையே ஜெனரேட்டிவ் ஏஐ பயன்பாடு' (சாட்ஜிபிடி மாதிரி தானே எழுதித் தருகிற ஏஐ) என்று தலைப்பைப் பதிவு செய்திருந்தேன். போன மாதம் டிசி (டாக்டரல் கமிட்டி, ஆய்வை மேற்பார்க்கிற குழு) மீட்டிங்கில் வெளியிலிருந்து வந்த நிபுணர் சினாப்சிசை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, "இந்தத் தலைப்போடு இந்த வருடம் என்னிடம் வருகிற ஆறாவது ஆள் நீங்கள்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "மாணவன் ஏன் பயன்படுத்துகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள், சரி. அது அவன் கைக்கு யார் மூலமாக வந்தது என்று கேட்டீர்களா?" என்றும் போட்டுவிட்டுப் போனார். என் கைடு ஒரு காலத்தில் மின்வாரியங்கள் தனியார் மின் நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களை ஆராய்ந்தவர். அவருக்கு இது வெல்லம் மாதிரி. "அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உள்ள உறவு என்ற பக்கத்திலிருந்து எழுது" என்று சொல்லிவிட்டார், எப்படி என்று சொல்லவில்லை.

இப்போது என் கையில் இருப்பது கூகுள் ஃபார்மில் வாங்கிய 412 பேருடைய பதில். டாம் மாடல் (தொழில்நுட்ப ஏற்பு மாடல்), ஐந்து புள்ளி லைக்கர்ட் ('முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' என்பது மாதிரி ஐந்து கட்டம்), ஸ்மார்ட் பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டி அம்புக்குறிப் படம் வரைக்கும் போட்டாகிவிட்டது. பயனுள்ளது என்று நினைக்கிறவர்கள் பயன்படுத்த நினைக்கிறார்கள் என்பது முடிவு. (சிரிக்க வேண்டாம்.)

ஏஐயால் படிப்பு உண்மையில் கூடுகிறதா குறைகிறதா என்பதற்கு நம்பக்கூடிய ஆய்வுகள் என்னென்ன, அதை அரசு–நிறுவன உறவோடு எங்கே முடிச்சுப் போடுவது, இந்த 412-ஐ என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

புள்ளிவிவரப்_பூனை:

முதலில் அந்த 412. அதில் எத்தனை பேர் உங்கள் வகுப்பு மாணவர்கள்? இன்டர்னல் மார்க் போடுகிறவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்ம் அனுப்பி "நீ ஏஐ பயன்படுத்துகிறாயா" என்று கேட்டால் பையன் என்ன சொல்வான்? டாம் மாடல் 1989-இல் டேவிஸ் போட்டது. அலுவலகத்தில் புதிதாக ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தால் ஊழியர்கள் அதைத் தொடுவார்களா மாட்டார்களா என்று பார்ப்பதற்காக வந்த மாடல். பயன்படுத்துவதால் கற்றல் நடந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நம் ஊரில் அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு வருடத்துக்கு ஒரு லாரி பேப்பர் வருகிறது.

கற்றலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் குலுக்கல் முறையில் பிரித்து, கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்த ஆய்வைப் பாருங்கள். எனக்குப் பிடித்தது துருக்கியில் நடந்தது. அமெரிக்காவின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த ஹம்சா பஸ்தானி குழுவினர் 2023-இல் கிட்டத்தட்ட ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் செய்தார்கள். ஆசிரியர் பாடம் நடத்துவார், அப்புறம் பயிற்சிக் கணக்கு, அதற்கப்புறம் எதுவும் கையில் இல்லாமல் தேர்வு. பயிற்சி நேரத்தில் ஒரு பிரிவுக்கு வழக்கமான புத்தகம் நோட்டு மட்டும். ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒன்று. மூன்றாவது பிரிவுக்குக் கொடுத்தது ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்துக் கட்டிப்போட்ட ஒன்று. விடையைச் சொல்லாது, துப்பு மட்டும் கொடுக்கும்.

பயிற்சியில் சாதாரண சாட்பாட் பிரிவு 48% அதிகம் சரியாகச் செய்தது, கட்டிப்போட்ட சாட்பாட் பிரிவு 127%. எல்லோரும் கைதட்டுகிற இடம் இது. தேர்வு அறையில் கருவி இல்லை. அங்கே சாதாரண சாட்பாட் பிரிவு, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17% கீழே போய்விட்டது. கட்டிப்போட்ட பிரிவு புத்தகப் பிரிவோடு ஏறக்குறைய சமமாக நின்றது, அவ்வளவுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது இன்னொரு விஷயம்: சறுக்கியவர்களுக்குத் தாங்கள் சறுக்கியதே தெரியவில்லை. உங்கள் லைக்கர்ட் ஸ்கேலை அவர்களிடம் நீட்டியிருந்தால் 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' என்று டிக் அடித்திருப்பார்கள்.

அதற்காக ஏஐ என்றாலே நாசம் என்று எழுதிவிடாதீர்கள், எதிர்ப்பக்கமும் நல்ல ஆய்வு இருக்கிறது. நைஜீரியாவில் எடோ மாநிலத்தில் 2024-இல் உலக வங்கி ஆறு வாரம் பள்ளி நேரத்துக்குப் பிறகு ஆசிரியர் பக்கத்தில் இருக்க, மைக்ரோசாஃப்டின் சாட்பாட்டான கோபைலட்டை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது, சுமார் 0.3 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை வைத்து அளக்கிற அலகு) முன்னேற்றம், கல்வி ஆய்வுகளில் அது பெரிய எண். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில், நல்ல முறையில் நடத்தப்படும் வகுப்பையே ஒரு ஏஐ ட்யூட்டர் தாண்டியது. ஆனால் அங்கே பார்த்தது 194 பேர், இரண்டே பாடங்கள். 2025-இல் வாட்ஸ்அப்பில் சுற்றிய 'சாட்ஜிபிடி மூளையை மழுங்கடிக்கிறது' என்ற எம்ஐடி ஆய்வு வெறும் 54 பேர், அதுவும் சக மதிப்பீடு முடிவதற்கு முன்பே வெளியிட்டது. அதை அத்தியாயத்தின் தூணாக நட்டுவிடாதீர்கள், ஒரு வரி போதும்.

---

சியோல்_இட்லி:

நான் வேலைக்காகத் தென் கொரியாவில் பத்து வருடமாக இருக்கிறேன், கல்வித்துறை ஆள் இல்லை. ஆனால் உங்கள் கைடு கேட்கிற கதை என் வீட்டு வாசலில் நடந்தது, சொல்லிவிடுகிறேன்.

இங்கே அரசு 2023-இல் 'ஏஐ டிஜிட்டல் பாடநூல்' என்று அறிவித்தது. அப்போது கல்வி அமைச்சர் லீ ஜு-ஹோ. பதிப்பகங்கள் தயாரிக்கும், அரசு சரிபார்த்து அனுமதி கொடுக்கும், 2025 மார்ச்சில் மூன்றாம் நான்காம் வகுப்பு, நடுநிலை முதல் வருடம், உயர்நிலை முதல் வருடம் எல்லாவற்றிலும் கணக்கு, ஆங்கிலம், மேல் வகுப்புகள் இரண்டில் கணினியும் வந்துவிடும் என்பது திட்டம். 2024 நவம்பரில் 76 நூல்கள் தேர்வாயின. பெயரில் ஏஐ இருந்தாலும் பெரும்பாலும் பிள்ளையின் விடையைப் பார்த்து அடுத்த கணக்கைத் தேர்ந்தெடுக்கிற வகைதான், நீங்கள் சொல்கிற ஜெனரேட்டிவ் சங்கதி அதில் கொஞ்சம்தான். ஆய்வில் அந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதுங்கள், இல்லையென்றால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவீர்கள்.

இதில் எல்லாமே ஒரு வார்த்தையில் தொங்கியது: 'பாடநூல்'. சட்டப்படி பாடநூல் என்றால் பள்ளி வாங்கித்தான் ஆக வேண்டும். 'கல்விப் பொருள்' என்று ஆகிவிட்டால் தலைமையாசிரியர் விருப்பம், பள்ளி பட்ஜெட். பதிப்பகங்கள் கோடிக்கணக்கில் கொட்டியது முதல் வார்த்தையை நம்பி. பெற்றோர் 'திரை நேரம் ஏற்கெனவே போதும்' என்று நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டு 2024-இலேயே ஐம்பதாயிரம் கையெழுத்தைத் தாண்டினார்கள். அந்த டிசம்பரில் ராணுவச் சட்டம், அதிபர் பதவி நீக்கத் தீர்மானம் என்று நாடே அல்லாடிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்சி கையில் இருந்த நாடாளுமன்றம் இதைக் 'கல்விப் பொருள்' என்று தாழ்த்திச் சட்டம் போட்டது. ஜனவரியில் பொறுப்பு அதிபர் அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். சமாதானமாக, அந்த வருடம் மட்டும் பள்ளிகள் விரும்பினால் எடுக்கலாம் என்றார்கள். ஜூனில் ஆட்சி மாறியது, ஆகஸ்ட்டில் மறுபடி சட்டம், இந்த முறை நிறைவேறிவிட்டது. மார்ச்சில் பாடநூலாகப் பள்ளிக்குள் போனது ஆகஸ்ட்டில் பாடநூலே இல்லை. இரண்டாம் பருவத்தில் பயன்படுத்திய பள்ளிகள் பாதியாகக் குறைந்தன. பதிப்பகங்கள் கோர்ட் வாசலுக்குப் போயின.

உங்களுக்குப் பயன்படுகிற ஒரு விஷயம் சொல்கிறேன். விருப்பத்துக்கு விட்ட அந்தப் பருவத்தில் தேகு நகரில் 98% பள்ளிகள் எடுத்தன, செஜோங் நகரில் 8%. ஒரே நாடு, ஒரே பாடநூல், ஒரே இணைய வேகம்! மாணவனின் 'பயன்பாட்டு எண்ணம்' ஊருக்கு ஊர் இப்படி மாறுமா? அங்கங்கே இருந்த கல்வி அலுவலகமும் அதன் அரசியலும்தான் மாறின.

பக்கத்து வீட்டுப் பையன் நான்காம் வகுப்பு. நாற்பது நிமிட வகுப்பில் எல்லோரும் லாகின் ஆவதற்கே கால் மணி நேரம் போகிறது என்பான், ஒருவன் பாஸ்வேர்டை மறந்தால் மொத்த வகுப்பும் காத்திருக்கும். அவன் அம்மா ஒரே விஷயத்தைத்தான் என்னிடம் கேட்டார்: "இதை வேண்டும் என்று கேட்டது யார்?" எனக்கும் தெரியவில்லை.

---

பழைய_சேல்ஸ்மேன்:

வேண்டும் என்று கேட்பவர் யாரும் இருக்க மாட்டார்கள் சார். கேட்க வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நான் ஆறு வருடம் கல்வி மென்பொருள் விற்றேன், பெயர் வேண்டாம். வாங்குகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் இன்னொருவர், பலன் தெரிவது மூன்றாவது ஆளுக்கு, அதுவும் நாலு வருடம் கழித்து. இந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பே. முதலில் இருபது பள்ளிக்கு இலவச பைலட், அதாவது சோதனை ஓட்டம். பைலட்டுக்கு டெண்டர் வேண்டாம், ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும், போட்டோ எடுக்கலாம். பைலட் முடிந்ததும் ஆசிரியர்களிடம் திருப்திக் கருத்துக் கேட்போம். அந்த ஃபார்மை எழுதியதே நான்தான். 'மிக நன்று, நன்று, பரவாயில்லை' என்று மூன்று கட்டம், நான்காவது கட்டம் கிடையாது. அதை அச்சடித்து 'ஆய்வு முடிவு' என்று மேலே கொண்டுபோவோம். அப்புறம் டெண்டர் வரும்போது 'குறைந்தது இருபது அரசுப் பள்ளியில் செய்த அனுபவம்' என்று ஒரு நிபந்தனை உள்ளே உட்கார்ந்திருக்கும். யார் எழுதியது என்று கேட்காதீர்கள்.

லஞ்சம் என்று நினைக்க வேண்டாம், நான் பார்த்த வரை அதிகாரிகளில் பெரும்பாலோர் நல்லவர்கள். அவருக்கும் ஒரு நெருக்கடி, பக்கத்து மாநிலம் அறிவித்துவிட்டது, நாம் என்ன செய்தோம் என்று மேலிருந்து கேட்பார்கள். மதிப்பிட அவரிடம் ஆள் கிடையாது. ஆக, பொருளை விளக்குகிறவனே அதன் மதிப்பீட்டாளனாகவும் ஆகிவிடுகிறான்.

வெளிநாட்டில் சுத்தம் என்று நினைத்தால் லாஸ் ஏஞ்சலஸைப் பாருங்கள். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம். 2024 மார்ச்சில் 'எட்' என்று ஒரு சாட்பாட், சிரிக்கிற சூரியன் பொம்மை, பெரிய விழா. ஆல்ஹியர் என்ற சின்ன நிறுவனத்தோடு ஐந்து வருடத்துக்கு 60 லட்சம் டாலர் வரை ஒப்பந்தம், பாதி அளவு கொடுத்தும் முடித்தார்கள். ஜூனில் அந்த நிறுவனம் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மூன்றே மாதம்! நவம்பரில் நிறுவனர் கைது. 2020-இல் 37 லட்சம் டாலர் வருமானம் என்று முதலீட்டாளர்களிடம் காட்டியது உண்மையில் சுமார் 11,000 டாலர்தான் என்பது அரசுத் தரப்புக் குற்றச்சாட்டு. வழக்கு எப்படி முடிந்தாலும் உங்கள் ஆய்வுக்கு வேண்டியது வேறு. அவ்வளவு பெரிய மாவட்டம், அத்தனை வக்கீல்கள், இருந்தும் அந்த நிறுவனத்தின் வரவு செலவை யார் பார்த்தார்கள்? நிறுவனம் விழுந்தால் பிள்ளைகளின் விவரங்கள் யாரிடம் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததா? இந்த மாதிரிக் கேள்விக்கு ஸ்மார்ட் பிஎல்எஸ் பதில் சொல்லாது.

---

பகுதிநேர_பிஎச்டி:

@பழைய_சேல்ஸ்மேன் அந்த மூன்று கட்ட ஃபார்ம் விஷயத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. என்னுடையதில் ஐந்து கட்டம் இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். @புள்ளிவிவரப்_பூனை, 412-இல் 380 பேர் எங்கள் கல்லூரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

---

சாக்பீஸ்_டீச்சர்:

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. மேலே எல்லோரும் டாலரிலும் கோடியிலும் பேசிவிட்டீர்கள், நான் ஒரு குறளோடு வருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அலகிடுதல் (செய்யுளின் சீர்களை அசை பிரித்து வாய்பாடு சொல்வது) வீட்டுப்பாடத்தைச் சாட்பாட்டில் போட்டு எழுதிக்கொண்டு வந்தாள். 'அகர முதல எழுத்தெல்லாம்'. அகர, முதல இரண்டும் புளிமா, சரியாகச் சொல்லியிருந்தது. எழுத்தெல்லாம் கருவிளங்காய் என்று போட்டிருந்தது. எழுத்–தெல்–லாம், நிரை நேர் நேர், புளிமாங்காய். கடைசிச் சீர் 'உலகு' மலர் என்று எழுதியிருந்தது. குற்றியலுகரத்தில் முடிகிறது, பிறப்பு. இது ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது. தப்பைவிட, அந்தத் தப்பைச் சொன்ன தோரணைதான் எனக்கு ஆச்சரியம். 'இலக்கண விதிப்படி' என்று ஆரம்பித்து நாலு வரி விளக்கம், ஒரு இடத்தில்கூடத் தயக்கம் கிடையாது. "எப்படிம்மா நம்பினாய்?" என்றால், "மிஸ், அவ்வளவு தமிழில் எழுதியிருந்ததே" என்கிறாள்.

நான் சொல்ல வந்தது, துருக்கியில் கணக்கு, நைஜீரியாவில் ஆங்கிலம், ஹார்வர்டில் இயற்பியல் என்று படித்துவிட்டு அந்த எண்ணைத் தமிழ்வழி வகுப்புக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்தத் துருக்கி ஆய்வை நானும் படித்தேன். அங்கேயே சாதாரண சாட்பாட் கணக்குகளில் பாதியைத்தான் சரியாகப் போட்டதாம். தமிழ் யாப்புக்கு என்ன விகிதம் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? கொள்முதல் செய்கிறவர்கள் பார்த்தார்களா? ஒரு டெண்டரில் 'தமிழில் இத்தனை கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டும்' என்று நிபந்தனை இருந்தால் காட்டுங்கள், எங்கள் பள்ளிச் செலவில் டீ வாங்கித் தருகிறேன்.

அப்புறம் 'ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும்' மென்பொருள். அதையும் விற்க ஆள் வருகிறார்கள், நோயையும் மருந்தையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு மென்பொருளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதியதில் சராசரியாக 61%-ஐ 'இயந்திரம் எழுதியது' என்று அடித்துவிட்டது. எளிய சொற்களில் எழுதினால் இயந்திரமாம்! ஓபன்ஏஐயே தன் கண்டுபிடிப்பானை அந்த ஜூலையில் துல்லியம் போதாது என்று மூடிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு என் தங்கை மகன் படிக்கிற கல்லூரியில் இதே மாதிரி ஒன்றை வைத்துப் புராஜெக்டைத் திருப்பி அனுப்பினார்கள், பையன் மூன்று நாள் சாப்பிடவில்லை.

---

ஓய்வூதியப்_பேராசிரியர்:

தம்பி, பொதுக்கொள்கையில் முப்பது வருடம் ஓட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் கைடு மின்துறை ஆள் என்றால் பொருளியலாளர் ஸ்டிக்லர் என்று ஆரம்பிப்பார். 1971-இல் அவர் சொன்னது, ஒழுங்குமுறை என்பது பெரும்பாலும் அந்தத் தொழில் தானே கேட்டு வாங்கிக்கொள்வது, அதன் நன்மைக்கே அமைவது. நல்ல கருத்துதான், ஆனால் இந்தத் துறையில் அதை உடனே ஒட்டாதே. மின்துறையில் ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருந்தது, அதை 'வளைத்துப் போட்டார்கள்' என்று சொல்லலாம். கல்வி ஏஐயில் பல நாடுகளில் வளைப்பதற்கே ஆணையம் இல்லை. ஐரோப்பாவில் மட்டும் ஓரளவு உண்டு: மாணவர் சேர்க்கை, தேர்வு மதிப்பீடு செய்கிற ஏஐயைச் சட்டம் அதிக ஆபத்து வகையில் வைத்திருக்கிறது, வகுப்பறையில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கிற ஏஐக்கு 2025 பிப்ரவரியிலிருந்து தடை.

எனவே ஹில்மன்–ஹிட் 1999 கட்டுரையைப் படி. நிறுவனங்கள் அரசை அணுகும் வழி மூன்று என்பார்கள்: தகவல் கொடுப்பது, பணப் பலன் கொடுப்பது, மக்களைத் திரட்டிக் கீழிருந்து அழுத்துவது. நம் சேல்ஸ்மேன் சொன்னது முதல் வழி, விளக்குகிறவனே மதிப்பீட்டாளன். மூன்றாவது வழிதான் இப்போது இந்தியாவில் சுவாரசியம். 2025-இல் மட்டும் என்னென்ன நடந்தது பார்: ஜூலையில் கூகுள் மாணவர்களுக்குத் தன் ஜெமினி சாட்பாட்டின் கட்டணச் சந்தாவை ஒரு வருடம் இலவசமாக்கியது, அதே மாதம் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ தேடுபொறி, அக்டோபர் கடைசியில் ஜியோவோடு ஜெமினி, நவம்பரில் சாட்ஜிபிடியின் 'கோ' என்ற கட்டணச் சந்தா ஒரு வருடம் சும்மா. ஆகஸ்ட்டில் ஓபன்ஏஐ அரசு அமைப்புகள் மூலமாக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஐந்து லட்சம் உரிமங்கள் தருவதாக அறிவித்தது, கூடவே சென்னை ஐஐடிக்கு ஆய்வுக்காக ஐந்து லட்சம் டாலர். நான் குற்றம் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இலவசம் முடியும்போது, பழகிப்போன மாணவர் கூட்டம் ஒன்று இருக்கும், அதைக் காட்டிக் கல்லூரியிடம் பேரம் பேசலாம். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்காக சாட்ஜிபிடிக்கு 18 மாதத்துக்கு 1.69 கோடி டாலர் என்று 2025-இல் ஒப்பந்தம் போட்டது, பட்ஜெட் வெட்டு நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில். பேரம் எங்கே போய் முடியும் என்பதற்கு அது ஒரு மாதிரி.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே. 2025 ஜூலையில் அங்கே பெரிய ஆசிரியர் சங்கம் ஒன்று மைக்ரோசாஃப்ட், ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் கொடுத்த 2.3 கோடி டாலரில் ஏஐ பயிற்சி நிலையம் தொடங்கியது. எதிர்த்துப் பேச வேண்டிய இடம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது என்று ஒரு கட்சி, வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே இருந்து திருத்தலாம் என்று இன்னொரு கட்சி. இரண்டையும் எழுது. எஸ்தோனியாவையும் விடாதே, 2025 செப்டம்பரில் பத்து, பதினோராம் வகுப்பு மாணவர்கள் 20,000 பேரோடு பள்ளி ஏஐ திட்டத்தை ஆரம்பித்தார்கள், ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்தே. ஒரு சின்ன நாடு நிறுவனத்தோடு எப்படிப் பேரம் பேசுகிறது என்பதற்கு அது எதிர்மறை உதாரணம் இல்லை, அதனாலேயே உனக்குத் தேவை.

இப்போது தலைப்பு. ஒரு பெரிய தாளை எடு. நடுவில் கோடு. மேலே ஒப்பந்தம், அறிவிப்பு, டெண்டர், சட்டம் இவற்றின் தேதிகள். கீழே அந்தக் கருவியைப் பற்றிய நம்பக்கூடிய ஆய்வுகள் வந்த தேதிகள். துருக்கி ஆய்வின் முதல் வடிவம் 2024-இல்தான் வெளியானது. கொரியா 2023-லேயே அறிவித்துவிட்டது. உன் மாநிலம் எப்போது? முடிவு முன்னால், சான்று பின்னால் என்று வந்தால், அந்த இடைவெளியில் முடிவெடுத்தவர் எதைப் படித்தார், யார் கொடுத்த தாளைப் படித்தார் என்பதுதான் உன் ஆய்வுக் கேள்வி. இதற்கு 412 பேர் வேண்டாம். பதினைந்து நேர்காணல், முப்பது ஆவணம் போதும்.

ஆவணத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடு. பத்து ரூபாய், முப்பது நாள். 'வணிக ரகசியம்' என்று பிரிவு 8(1)(d)-ஐக் காட்டி ஒப்பந்தத்தை மறுப்பார்கள், அதற்குத் தயாராக இரு: முழு ஒப்பந்தத்தைக் கேட்காமல், தேதி, தொகை, மதிப்பீட்டுக் குழுக் கூட்டக் குறிப்பு, தமிழில் சோதித்ததற்கான அறிக்கை என்று தனித்தனியாகக் கேள். 'அப்படி ஒரு அறிக்கை இல்லை' என்று எழுத்தில் பதில் வந்தால் அதுவே உனக்குத் தரவு.

---

புள்ளிவிவரப்_பூனை:

பேராசிரியர் ஐயா சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. சான்று வரும்வரை அரசு சும்மா இருக்க வேண்டும் என்றால் எந்தப் புதுக் கருவியும் பள்ளிக்குள் வராது. நியூயார்க் 2023 ஜனவரியில் பள்ளி நெட்வொர்க்கில் சாட்ஜிபிடியைத் தடுத்தது, மே மாதமே பின்வாங்கியது. தடுத்தபோதும் சான்று இல்லை, திறந்தபோதும் இல்லை. முன்னால் முடிவெடுப்பது தப்பில்லை, ஆனால் முடிவெடுத்த பிறகு அளந்து பார்க்க ஏற்பாடு செய்தார்களா என்பதையும் ஒரு வரிசையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

---

ஓய்வூதியப்_பேராசிரியர்:

சரி, நியாயம். மூன்றாவது கோடு போடட்டும்.

---

பகுதிநேர_பிஎச்டி:

நேற்று கைடிடம் தாளை விரித்துக் காட்டினேன். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "மின்சாரத்திலும் இப்படித்தான், கம்பம் நட்ட பிறகுதான் மீட்டர் வந்தது" என்றார். தலைப்பு மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 412-ஐப் பின்னிணைப்பில்கூட வைக்க வேண்டாம் என்கிறார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, ஆறு மாத உழைப்பு.

இன்று காலை கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி நாலு ஆர்டிஐ ஸ்பீட் போஸ்டில் அனுப்பியாகிவிட்டது. நாலாவது கேள்வி அப்படியே: 'மேற்படி மென்பொருள் தமிழ் மொழியில் சோதிக்கப்பட்டதா, ஆம் எனில் அறிக்கையின் நகல்'. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

---

சாக்பீஸ்_டீச்சர்:

டீ வாங்கித் தருகிறேன் என்றேன், மறக்கவில்லை. அறிக்கை வந்தாலும் டீ உண்டு. நாளைக்கு எங்கள் பள்ளியில் ஒரு ஏஐ கம்பெனி டெமோ இருக்கிறதாம், எல்லா ஆசிரியர்களும் மூன்றாவது பீரியடுக்கு ஹைடெக் லேபுக்கு வரச் சொல்லி சர்க்குலர். குறளை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன்.